திரும்பாமலே திரும்பும் வண்டி



ஏப்ரல் 15 வந்துவிட்டால் காசிமேட்டு விசைப்படகுகள் கரை திரும்பிவிடும். ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். துறைமுகத்தில் படகோடு படகு உரசி நிற்கும். உள்ளே மாட்டிய படகை எடுக்க வேண்டுமென்றால், வெளியே நிற்பதையெல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்த்து நகர்த்தியாக வேண்டும். இடம் மிச்சம், வேலை இரட்டிப்பு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், திருவொற்றியூரிலிருந்து ஒரு தாயார் கடிதம் போட்டிருக்கிறார். தடைக்காலத்தில் படகுக்குப் போக முடியாத மகன் கோடவுன் வேலைக்குப் போகிறானாம். “ரீச் டிரக்னு ஏதோ ஓட்டக் கத்துக்கிறானாம். ஆபத்தில்லாத வண்டிதானே?” என்று கேட்கிறார்.

அம்மா, கோடவுன்காரருக்கும் படகுக்காரர் கவலைதான். சரக்கை நெருக்கி அடுக்கினால் நிறையக் கொள்ளும். ஆனால் வேண்டியதை வேண்டிய நேரத்தில் எடுக்க முடியாது. எடுக்க வேண்டுமென்றால் சரக்கு அடுக்கும் ராக்குகளுக்கு நடுவே சந்து விடணும். சந்தில் சரக்கு வைக்க முடியாதே! எவ்வளவு சந்து என்பதை வண்டிதான் முடிவு செய்கிறது.

நாம் சாலையோரம் பார்க்கும் சாதாரண ஃபோர்க்லிஃப்ட், பாரத்தை முன்சக்கரத்துக்கும் முன்னால் தூக்கிப் பிடிக்கிறது. குப்புற விழாமலிருக்க முதுகில் இரும்புப் பாரம். அதனால் வண்டி நீளம். ராக்கைப் பார்த்து முழு வண்டியும் திரும்ப ஏறக்குறைய 12 அடி வேண்டும். பின்சக்கரம்தான் திரும்பும் என்பதால் வால் வேறு வீசும். ராக் கால்களில் உள்ள பல சொட்டைகளுக்கு அந்த வால்தான் காரணம்.

உங்கள் மகனுடைய ரீச் டிரக்குக்கு முன்பக்கம் இரண்டு கால்கள் நீண்டிருக்கும். ராக்கருகே வந்ததும் ஃபோர்க்கைத் தூக்கும் கம்பமான மாஸ்ட் மட்டும் முன்னே நகர்ந்து, சரக்குப் பலகையான பேலட்டை வாங்கி, கால்களுக்கு நடுவே இழுத்து வைத்துக்கொள்ளும். ஒன்பது, ஒன்பதரை அடி போதும். மீன் வைக்கும் குளிர்க்கிடங்கில் இந்த மிச்சத்துக்கு மதிப்பு அதிகம். மைனஸ் 18 டிகிரியில் வெறும் சந்துகளையும் கரண்ட் செலவழித்துத்தானே குளிரவைக்க வேண்டியிருக்கிறது!

இடுப்பு வளைகிற ஃபோர்க்லிஃப்டும் உண்டு. ஏழடிச் சந்திலேயே வேலை பார்க்கும். வெளிநாட்டு அதிசயம் என்று வாய் பிளக்க வேண்டாம். முன்னால் பெட்டி, பின்னால் ஆள், பெட்டியையே திருப்பி வண்டியைத் திருப்புகிற நம்ம மீன்பாடி வண்டிக்கு அது தூரத்துச் சொந்தம்.

இன்னும் ஒன்று, சுமார் ஆறடிக்குள் ஓடுவது. வண்டி திரும்பாது, ஃபோர்க் மட்டும் பக்கவாட்டில் திரும்பும். தரைக்குள் பதித்த கம்பியையோ ஓரத்துத் தண்டவாளத்தையோ பிடித்துக்கொண்டு நேர்க்கோட்டில் போகும். அதற்குத் தரை கண்ணாடி போலிருக்க வேண்டும். 1.2 மீட்டர் அகல வண்டியின் ஒரு பக்கச் சக்கரம் 3 மில்லிமீட்டர் தாழ்ந்தால், 10 மீட்டர் உயரத்தில் சரக்கு 25 மில்லிமீட்டர் சாயும். இரண்டு பக்கத்து ராக்குக்கும் நாலு விரல் இடைவெளி விட்டு ஓடுகிற வண்டிக்கு அது பெரிய சாய்வு. தரையைச் சரிசெய்யாமல் இந்த வண்டியை வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம், பாவம், வண்டி மூலையில் நிற்கிறது.

ஆபத்தைக் கேட்டீர்கள். வண்டி இருக்கிற சந்துக்குள் நடந்துபோகிற ஆள் நுழையக்கூடாது, தூக்கிய ஃபோர்க்குக்குக் கீழே யாரும் நிற்கக்கூடாது. இந்த இரண்டையும் கோடவுனில் கண்டிப்பாகப் பார்க்கிறார்களா என்று மகனிடம் கேளுங்கள். அவன் முறையாகப் பயிற்சி எடுத்தானா என்பதையும்.

ரீச் டிரக்கில் பக்கவாட்டில்தான் உட்காரணும். எட்டு மணி நேரம் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, அண்ணாந்தும் பார்த்துவிட்டு வருவான். ராத்திரி கொஞ்சம் தைலம் தேய்த்துவிடுங்கள். ஜூன் 15 அன்று அவன் படகுக்குப் போனானா, கோடவுனுக்கே போனானா என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்