அறுவை அவளுக்கு மட்டுமா?

குடும்பக் கட்டுப்பாடு என்கிறார்கள். யாருக்குக் கட்டுப்பாடு? குடும்பத்துக்கா? இல்லை, தோழர்களே, பெண்ணுக்கு!

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள். இந்தியாவில் மணமான பெண்களில் 100க்கு 38 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டதோ 1000க்கு 3! தமிழகத்தில் பாதிக்கு மேற்பட்ட பெண்கள் கத்திக்கு வயிற்றைக் காட்டியவர்கள்.

கிராமத்துப் பெண் தானாகவா முடிவெடுத்தாள்? மாத்திரை, ஊசி, காப்பர்-டி எல்லாம் உண்டு. எடுத்துச் சொல்வார் உண்டா? நர்சம்மா வரவேண்டும், ஆண்பிள்ளை பிறந்தாக வேண்டும், மாமியார் தலையசைக்க வேண்டும், கணவன் 'சரி' என்ன வேண்டும். வயிறு அவளுடையது, அனுமதி ஊராருடையது!

ஆணுக்குச் செய்யும் வாசக்டமியோ எளிது. வயிற்றைக் கிழிப்பதில்லை. மரத்துப்போக ஓர் ஊசி, சில நிமிட வேலை, அன்றே வீடு. மூன்று மாதம் வரை வேறு தடுப்பு வேண்டும், அவ்வளவே. மூட்டை தூக்கும் பலம் போய்விடும் என்பது புளுகு. ஆண்மையும் குறையாது.

நெருக்கடி நிலையில், 1976-77இல், 60 லட்சத்துக்கு மேற்பட்ட ஆண்களுக்கு அறுவை நடந்தது. பலரை வலுவில் இழுத்துச் சென்றனர். அந்த அச்சத்தை மறுக்கவில்லை. ஆனால் 2014இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில், ஒரே நாளில், 83 பெண்களுக்கு அறுவை செய்தார்கள். அந்த வட்டாரத்து முகாம்களுக்குச் சென்றவர்களில் பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னும் வரிசையில் நிற்பது பெண்தானே!

பெரியார் கர்ப்பத்தடை கேட்டது மக்கள்தொகையைக் குறைக்க அல்ல, பெண் விடுதலை பெற. 'பெண் ஏன் அடிமையானாள்?' நம் படிப்பகங்களில் இருக்கிறது. அதை மேடையில் முழங்கும் தோழர்களில் எத்தனை பேர் ஆஸ்பத்திரிப் படி ஏறினீர்கள்?