கணிப்பொறி தந்தோம், காப்பவருக்குக் கற்றுத் தந்தோமா?



பிழைப்பின் பொருட்டு ஊரைவிட்டு வெளியேறிய நம்மவர்களுக்கு, நான்கு காசு சேர்ந்தவுடன் முதலில் தோன்றும் நல்லெண்ணம் சொந்த ஊருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்பதுதான். முன்பு கோயிலுக்கு மணி வாங்கித் தந்தார்கள், பள்ளிக்கூடத்திற்கு மின்விசிறி தந்தார்கள். இப்போது நூலகத்திற்குக் கணிப்பொறி தருகிறார்கள். நான் பிறந்து வளர்ந்து, இன்றும் வாழ்கின்ற குடிபாலா, சித்தூருக்கும் வேலூருக்கும் இடையே உள்ள ஊர். ஒரே திண்ணையில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவோம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் பெங்களூர், சென்னை, வளைகுடா, அமெரிக்கா என்று பரவியிருக்கிறார்கள். அவர்களுடைய கொடையுள்ளத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அவர்களிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பெட்டியை வாங்கித் தருகிறீர்களே, அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரும் நூலக ஊழியருக்கு அதைப் பாதுகாப்பாகக் கையாளக் கற்றுக்கொடுப்பது யார்?

இன்று நூலகத்திற்கு வருபவர் நாளிதழ் படிக்க மட்டும் வருவதில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர் வருகிறார், தேர்வு நுழைவுச்சீட்டு எடுக்க மாணவி வருகிறாள். வெளிநாட்டில் இருக்கும் மகனைப் பார்க்கப் புறப்படும் பெற்றோர் விசா படிவம் நிரப்ப வழி கேட்கிறார்கள். கைபேசியையும் வங்கிப் புத்தகத்தையும் ஊழியர் கையில் கொடுத்து, "நீயே பார்த்துப் போட்டுவிடு தம்பி" என்கிறார்கள். அந்தத் தம்பி நல்லவராக இருப்பார், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நல்லவராக இருப்பது மட்டும் போதுமா?

நான் கண்ட ஒரு நூலகத்தைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். கணிப்பொறித் திரையின் ஓரத்தில் கடவுச்சொல்லை எழுதி ஒட்டியிருந்தார்கள். முன்பு வந்துபோன யாரோ ஒருவருடைய மின்னஞ்சல், அடுத்து உட்காருபவர் படிக்கும்படி திறந்தே கிடந்தது. ஊழியரிடம் சொன்னபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எங்களுக்கு யாருங்க இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள்?" என்றுதான் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவரைக் குறை சொல்வது நியாயமும் இல்லை. அலமாரியைக் கொடுத்து, பூட்டையும் சாவியையும் கொடுக்காமல் விட்டவர்கள் நாம்.

சிற்றூர் நூலகத்தை யார் தாக்கப்போகிறார்கள் என்று சிலர் எண்ணலாம். பெரிய நூலகங்கள் பட்ட பாட்டைப் பார்த்தால் விஷயம் விளங்கும். 2023ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள், லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகமும் கனடாவில் உள்ள டொராண்டோ பொது நூலகமும் இணையவழித் தாக்குதலுக்கு உள்ளாயின. கணிப்பொறிக் கோப்புகளைப் பூட்டிவைத்துக்கொண்டு, திறக்கப் பணம் கேட்கும் கூட்டங்களின் வேலை இது. ஆள் கடத்திப் பிணைப்பணம் கேட்பதைப் போன்றதுதான்.

லண்டனில் புகுந்த கூட்டம் ஏறக்குறைய 600 ஜி.பி. அளவுள்ள கோப்புகளைத் திருடி, 20 பிட்காயின் விலை வைத்தது. நூலகம் பணம் தர மறுத்தது. உடனே ஊழியர்கள், வாசகர்கள் பற்றிய தனிப்பட்ட விவரங்கள் உட்பட அவற்றை அந்தக் கூட்டம் இணையத்தின் இருண்ட பகுதியில் கொட்டிவிட்டது. உலகெங்கும் ஆராய்ச்சியாளர்கள் நம்பியிருந்த நூற்பட்டியல், 2024 ஜனவரியில்தான் ஓரளவு பயன்பாட்டிற்குத் திரும்பியது. பழைய தமிழ் அச்சுநூல்களும் சுவடிகளும் அங்கே இருப்பதால், இது நமக்குச் சம்பந்தமில்லாத செய்தியும் அன்று.

டொராண்டோவிலோ நம் தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றன. தமிழ் நூல்களை இரவல் தரும் நூலகம் அது. அதன் நூறு கிளைகளும் மூடப்படவில்லை, ஆனால் பொதுமக்களுக்கான கணிப்பொறிகள் முடங்கின. திரும்பி வந்த நூல்களைப் பதிவுசெய்ய வழியில்லாமல் லாரிப் பெட்டிகளில் அடுக்கி வைத்தார்கள். பழையபடி கையால் எழுதி நூல் கொடுத்தார்கள். நிலைமை சீராகப் பல மாதங்கள் ஆயின. அங்கும் பணம் கொடுக்கவில்லை. ஆனால் 1998ஆம் ஆண்டு முதல் வேலை பார்த்த ஊழியர்களின் பெயர், பிறந்த நாள், முகவரி, அரசு அடையாள எண் போன்றவை திருடர் கைக்குப் போய்விட்டன.

பிரிட்டிஷ் நூலகம் நடந்ததை மூடி மறைக்கவில்லை. 2024 மார்ச் மாதம் தன் குறைகளைத் தானே எழுதி வெளியிட்டது. வெளியாட்களும் தொலைவிலிருந்து வேலை பார்ப்பதற்காக 2020இல் அமைத்த ஒரு கணிப்பொறியின் வழியாகத் திருடர்கள் நுழைந்திருக்கக்கூடும் என்கிறது அந்த அறிக்கை. அந்த வாசலில் கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாவது சரிபார்ப்பு எதுவும் இல்லை. யாரோ ஒருவருடைய கடவுச்சொல் எப்படியோ கைமாறியிருக்கலாம். சேகரிப்புகளுக்குப் பாதுகாப்பான படிகள் இருந்தும், அவற்றை ஏற்றி இயக்கத் தக்க கணிப்பொறிகள் உடனே இல்லாமற் போனது இன்னொரு குறை. கோடிக்கணக்கில் செலவழிக்கும் நூலகமே ஒரு கதவைச் சாத்த மறந்தால் இந்தக் கதி. பூட்டே இல்லாத நம் ஊர் நூலகத்தை நினைத்துப் பாருங்கள்.

நூலகம் என்றால் கட்டடமும் நூலும் மட்டும் அல்ல, பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும் என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவரை நூலகராக்கியது. அதே ஆண்டு நூலகக் கலை படிக்க லண்டனுக்கும் அனுப்பியது. திரும்பி வந்தவர் தான் கற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. சென்னை நூலகச் சங்கத்தின் வழியாக 1929இல் நூலகர்களுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். மதராஸ் பொது நூலகச் சட்டம் வந்தது 1948இல். ஆள் தயாரான பிறகுதான் சட்டம் வந்தது என்பதை நாம் கவனிக்கவேண்டும். அன்று சித்தூர் மாவட்டமும் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்து, 1960இல் ஆந்திரப் பிரதேசத்திற்கென நூலகச் சட்டம் வந்தது. எல்லை மாறினாலும் வீட்டுவரியோடு சேர்த்து நூலக வரி கட்டும் வழக்கம் இரு பக்கமும் தொடர்கிறது. ஆகவே நூலகத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை வரி கட்டும் ஒவ்வொரு வீட்டாருக்கும் உண்டு.

பயிற்சி என்றவுடன் பெரிய படிப்பு வேண்டும் என்று மலைக்கவேண்டாம். அடிப்படையானவற்றை இரண்டு மூன்று நாட்களில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஒருவர் எழுந்து போனதும் அவருடைய கணக்கு மூடப்பட்டதா, அவர் திறந்த கோப்புகள் அழிக்கப்பட்டனவா என்று பார்க்கவேண்டும். வாசகர் உட்காரும் கணிப்பொறியும், நூற்பட்டியல் உள்ள அலுவலகக் கணிப்பொறியும் வேறுவேறாக இருக்கவேண்டும். ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல்லும், கூடுதலாக ஒரு சரிபார்ப்பும் வேண்டும். கண்ட பென் டிரைவைச் சோதிக்காமல் செருகக்கூடாது. "தலைமை அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், கடவுச்சொல்லைச் சொல்லுங்கள்" என்று தொலைபேசி வந்தால், வைத்துவிட்டு, தமக்குத் தெரிந்த எண்ணில் தாமே கூப்பிட்டுக் கேட்கவேண்டும். வாசகரின் ஓ.டி.பி. எண்ணை ஊழியர் கேட்கவே கூடாது. முதியவர் தயங்கினால் பக்கத்தில் நின்று, அவர் கையாலேயே தட்டச் செய்யவேண்டும்.

ஓலைச்சுவடி செல்லரிக்கும் என்று தெரிந்த நம் முன்னோர், அது அழியும் முன்பே படி எடுத்து வைத்தார்கள். அந்த வழக்கம்தான் இன்றும் வேண்டும். நூற்பட்டியலுக்கும் உறுப்பினர் பதிவுக்கும் வாரம் ஒருமுறை படி எடுத்து, கணிப்பொறியோடு இணைக்காத தனி வட்டில் பூட்டி வைக்கவேண்டும். அந்தப் படி திறக்கிறதா என்று அவ்வப்போது சோதிக்கவும் வேண்டும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் பொது நூலகம் 2017 ஜனவரியில் இதேபோல் தாக்கப்பட்டது. சுமார் 700 கணிப்பொறிகள் முடங்கின. காப்புப் படிகள் இருந்ததால் பணம் கொடுக்காமலே மீண்டது.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் வருகிறவர்களிடமெல்லாம் ஆதார் நகல் வாங்கிக் கட்டுக்கட்டாக அடுக்குவது பாதுகாப்பு ஆகாது. டொராண்டோவில் இருபத்தைந்து ஆண்டு விவரங்களைச் சேர்த்து வைத்ததால்தான் அத்தனையும் ஒருசேரப் போயின. தேவையானதை மட்டும் கேட்டுப் பெறுங்கள், தேவை முடிந்ததும் முறைப்படி அழித்துவிடுங்கள். இல்லாததைத் திருட யாராலும் முடியாது. யார் என்ன நூல் படித்தார் என்பதும் அவருடைய சொந்த விஷயம், ஊர்ப்பேச்சுக்கு உரியது அன்று.

"நூலகருக்கு நூலைப் பார்க்கவே நேரமில்லை, சம்பளமும் சொற்பம், இந்தக் காவல் வேலை வேறா?" என்று கேட்பவர்கள் உண்டு. சம்பளம் பற்றிய குறை உண்மையானது, அதற்கும் சேர்த்தே குரல் கொடுப்போம். ஆனால் பயிற்சி சுமையைக் குறைக்குமே தவிர கூட்டாது. விவரம் கெட்டுப்போன பிறகு பழியைச் சுமப்பதுதான் பெரிய சுமை. "எல்லார் கையிலும் கைபேசி இருக்கிறது, நூலகத்தில் இணையமே வேண்டாம்" என்பாரும் உண்டு. அப்படி மூடினால் நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் தெரியாத ஏதோ ஒரு கடையில் போய்ப் பாஸ்போர்ட்டை நீட்டுவார்கள். ஊரறிந்த ஒருவர் பொறுப்பாக உட்கார்ந்திருக்கும் நூலகம் அதைவிடப் பல மடங்கு மேல்.

ஆகவே வெளியூரில் வாழும் நம் அன்பர்களுக்கும் சங்கங்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். ஊர் நூலகத்திற்குக் கணிப்பொறி தரும்போது, அந்தப் பணத்தில் ஒரு பங்கை ஊழியர் பயிற்சிக்கென்று ஒதுக்குங்கள். உங்கள் வீட்டில் கழித்த பழைய பெட்டியைத் தருவதானால், அதில் இன்னும் பாதுகாப்புத் திருத்தங்கள் வருகின்றனவா என்று பார்த்துக் கொடுங்கள். விண்டோஸ் 10க்கு வழக்கமான திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றுவிட்டன. அத்தகைய பெட்டியை அப்படியே தருவது தாழ்ப்பாள் கழன்ற கதவைத் தானம் செய்வதற்கு ஒப்பாகும். மென்பொருள் துறையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விடுமுறையில் ஊருக்கு வரும்போது, ஒரு நாளை நூலக ஊழியர்களுக்கென்று ஒதுக்கி, அவர்களுக்குப் புரியும் தமிழிலும் தெலுங்கிலும் சொல்லிக்கொடுக்கலாம். திருப்பதி ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் நூலகவியல் துறையே இருக்கிறது. மாவட்ட நூலக அமைப்பும் அத்துறையும் கைகோத்தால், சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் சிற்றூர் ஊழியர்களை முறைவைத்து அழைத்துப் பயிற்றுவிக்க முடியும். அதற்கு நம் சங்கங்கள் முன்னின்று மனுக் கொடுக்கலாம்.

உங்கள் பெற்றோருக்கும் ஒரு சொல் சொல்லி வையுங்கள். பணம் பறிபோனதாகத் தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லவேண்டும். அந்த எண்ணை நூலகச் சுவரில் பெரிய எழுத்தில், இரு மொழியிலும் எழுதி வைக்க ஒரு டப்பா வண்ணம் போதும். கடவுச்சொல்லை ஒட்டிவைத்த இடத்தில் அந்த எண்ணை ஒட்டிவைப்போம். ஆவன செய்ய அன்பர்கள் முன்வருவார்களாக.