மேசையைத் தட்டும் பிள்ளை



உங்கள் பிள்ளை மேசையைத் தட்டிக்கொண்டு, மூச்சு விடாமல் சொற்களை அடுக்கிக்கொண்டே போகிறானா? "படிக்கிற பிள்ளைக்கு என்னடா இந்தக் கூத்து?" என்று அதட்டியிருப்பீர்கள். நானும் அதட்டியவன்தான். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த வேகப்பாட்டுக்கு 'ராப்' என்று பெயர். தமிழில் சொல்லிசை என்கிறோம். 1970-களில் நியூயார்க் நகரில், ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள் வாழ்ந்த பிராங்ஸ் வட்டாரத்தில் வளர்ந்தது. பிறகு தெற்கே அட்லாண்டாவுக்கும் பரவியது. பஞ்சுக் காட்டில் அடிமைகளாய் உழைத்தவர்களின் வம்சத்தார் அங்கே தங்கள் ஊர்ப் பேச்சிலேயே பாடினார்கள். 1995-இல் நியூயார்க் விழாவொன்றில் 'அவுட்காஸ்ட்' என்ற அட்லாண்டா இரட்டையருக்கு விருது கிடைத்தபோது, கூட்டம் கூச்சலிட்டது. தெற்கத்தியருக்கும் சொல்ல விஷயம் இருக்கிறது என்று மேடையிலேயே பதில் சொன்னார் இருவரில் ஒருவர். பின்னாளில் உலகமே அவர்களைக் கேட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். யோகி பி என்ற நம் மலேசியத் தமிழர், 1990-களில் 'பொயட்டிக் அம்மோ' குழுவில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடி வந்தார். அந்தக் குழுவின் இசைத்தொகுப்பு 1998-இல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் பெயர் எடுத்தவர் அதோடு நிற்கவில்லை. டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் என்ற இளைஞர்களோடு 'நட்சத்திரா' குழுவாகச் சேர்ந்து, 2006-இல் 'வல்லவன்' என்ற தமிழ்த் தொகுப்பைக் கொண்டுவந்தார். 1980-இல் வந்த 'நிழல்கள்' படத்தில் இளையராஜா இசையமைத்த 'மடை திறந்து' பாடல், அதில் சொல்லிசையாகப் புது உருவம் பெற்றது. தமிழ்நாட்டுச் சினிமாவும் அவரை அழைத்தது. 'பொல்லாதவன்' (2007), 'ஆடுகளம்' (2011), 'விவேகம்' (2017) படங்களில் அவர் குரல் ஒலித்தது. அங்கிருந்து வந்த பாட்டையே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இங்கிருந்தும் ஒரு பாட்டு அங்கே போனது!

இப்போது என் கதை. 2007-இல் ரந்தாவ் பக்கத்தில், ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனின் சிறு நோட்டைப் பிடுங்கி அலமாரியில் போட்டேன். பாட நேரத்தில் அதில் ராப் எழுதிக்கொண்டிருந்தான். ஆண்டு முடிவில் அலமாரியைத் துடைக்கும்போதுதான் பிரித்துப் படித்தேன். விடியுமுன் பால்வெட்டப் போகும் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தான். எழுத்துப்பிழை நிறைய. ஆனால், வரிக்கு வரி எதுகை! வகுப்பில் நான் எத்தனை முறை நடத்தியும் கட்டுரை நோட்டில் அவன் எழுதாதது அது. திருப்பிக் கொடுக்கலாமென்று தேடினேன். குடும்பம் தோட்டத்தை விட்டுப் போய்விட்டிருந்தது. நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

பெற்றோர்களே, எல்லாப் பிள்ளைகளும் யோகி பி ஆகப்போவதில்லை. படிப்பும் முக்கியம்தான். கெட்ட வார்த்தை இருந்தால் கண்டியுங்கள். ஆனால், நோட்டைப் பிடுங்குமுன், "எங்கே, வாசி பார்க்கலாம்" என்று ஒருமுறை கேளுங்கள். நான் கேட்கத் தவறியது அதைத்தான்.