ஓட்டை பாட்டிலும் மிதக்கும் விமானமும்

சகோதரிகளே, இந்த முறை சமையல் குறிப்பும் இல்லை, கை வைத்தியமும் இல்லை. என் மகளிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையைச் சொல்லப் போகிறேன்.

போன மாதம் ஒரு நாள் ராத்திரி, இட்லிக்கு மாவு அரைத்து எடுத்து வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். டி.வி.யில் ஒரு விமானத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே சுற்றிலும் மெத்தை வைத்த சுவர். நடுவிலே மனிதர்கள் இலவம் பஞ்சு மாதிரி மிதக்கிறார்கள்! எட்டாவது படிக்கும் என் சின்னவள், "எப்படிம்மா மிதக்கறாங்க?" என்று கேட்டாள். "அவ்வளவு உசரத்துக்குப் போயிட்டா பூமியோட இழுப்பு இருக்காதுடி" என்று பெரிய மேதாவி மாதிரி சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன்.

அவள் அதை அப்படியே வகுப்பில் சொல்லியிருக்கிறாள். "அப்போ சென்னையிலேருந்து டெல்லிக்குப் பறக்கறவங்க ஏன் மிதக்கறதில்லை?" என்று டீச்சர் கேட்க, வகுப்பே சிரித்துவிட்டதாம். சாயங்காலம் பையை ஒரு மூலையில் வீசிவிட்டு, "இனிமே உன்கிட்ட எதுவும் கேக்க மாட்டேன்மா" என்றாள்.

பத்தாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. இன்றைக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்க மாட்டாள், சரி. நாளைக்கு உடம்பைப் பற்றியோ மனசைப் பற்றியோ ஒரு பயம் வந்தால்? அதையும் என்னிடம் கேட்க மாட்டாளே!

எதிர் வீட்டில் ஓய்வு பெற்ற பௌதிக ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். வெட்கத்தை விட்டு, அவளையும் கையோடு அழைத்துக்கொண்டு போனேன். விஷயத்தைக் கேட்டவர், "ஒரு பழைய தண்ணி பாட்டில் கொண்டு வாம்மா" என்றார். பாட்டிலின் அடிப்பக்கத்தில் ஆணியால் ஓர் ஓட்டை போட்டு, தண்ணீர் ஊற்றினார். ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. பிறகு மாடிப்படியில் நாலு படி ஏறி நின்று, கீழே இருந்த வாளிக்குள் பாட்டிலைப் போட்டார். என்ன ஆச்சரியம்! கையை விட்ட கணமே பீய்ச்சுவது நின்றுவிட்டது. வாளியில் விழுந்த பிறகுதான் மறுபடி ஒழுகியது.

"பூமி இழுக்கறதை நிறுத்திடுச்சா? இல்லை. இழுத்ததாலேதானே விழுந்தது! பாட்டிலும் தண்ணியும் ஒரே வேகத்திலே சேர்ந்து விழுது. அதனாலே தண்ணி பாட்டிலோட அடியை அழுத்தலை. அழுத்தம் இல்லேன்னா எப்படிப் பீய்ச்சும்?" என்றார்.

நம் எடையும் அப்படித்தானாம். பூமி நம்மை இழுக்கிறது. தரை நம் பாதத்தைத் திருப்பித் தாங்குகிறது. அந்தத் தாங்கலைத்தான் நாம் 'கனம்' என்று உணருகிறோம். ஜவுளிக் கடை லிஃப்ட் கீழே கிளம்பும்போது ஒரு கணம் வயிறு லேசாகிற மாதிரி இருக்குமே, தரை கொஞ்சம் நழுவுவதால் வருவது அது. தரையும் நம்மோடு சேர்ந்து முழுசாக விழுந்துவிட்டால் கனமே தெரியாது.

நான் சொன்ன 'உசரம்' எவ்வளவு தப்பு என்பதற்கும் ஒரு கணக்குச் சொன்னார். 8,500 மீட்டர் உயரத்தில் 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்குக் குறைவது சுமார் 130 கிராம்தான்! 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்தில்கூடப் பூமியின் இழுப்பு சுமார் 90 சதவீதம் இருக்கிறதாம். அவர்கள் மிதப்பதும், நிலையத்தோடு சேர்ந்து பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருப்பதால்தான்.

சரி, அந்த விமானம்? பிரான்ஸ் நாட்டில் போர்தோ நகரிலிருந்து, இதற்கென்றே மாற்றியமைத்த ஏர்பஸ் ஏ310 விமானத்தை 2015-இல் பறக்கவிடத் தொடங்கினார்கள். சுமார் 6,000 மீட்டர் உயரத்தில் நேராகப் போகும் விமானம் திடீரென்று செங்குத்தாக ஏற ஆரம்பிக்கும். அப்போது உடம்பு 1.8 மடங்கு கனக்கும். 50 கிலோ பெண் 90 கிலோ மாதிரி தரையோடு அழுந்திக் கிடப்பாள். பிறகு விமானி இன்ஜின் வேகத்தை, காற்றின் தடையைச் சமாளிக்கும் அளவுக்கு மட்டும் குறைத்துவிடுவார். அதன் பிறகு விமானம், நாம் தூக்கிப் போட்ட பந்து மாதிரிதான்! வளைந்து மேலே போய், வளைந்து கீழே இறங்கும். உள்ளே இருப்பவர்களும் அதே பாதையில் போவதால் தரை அவர்களைத் தாங்குவதில்லை, மிதக்கிறார்கள்.

"கீழே வரும்போது மட்டும்தானே மிதப்பாங்க?" என்று நான் கேட்டேன். "இல்லம்மா, பந்து கையை விட்ட கணத்திலேருந்தே அப்படித்தான். மேலே போகும்போதும் மிதக்கலாம்" என்றார். இந்தச் சுகம் சுமார் 22 விநாடிதான். அப்புறம் விமானத்தை நிமிர்த்தும்போது மறுபடி 1.8 மடங்கு கனம். ஒரு பயணத்தில் இப்படி 31 தடவை. கூட்டிப் பார்த்தால் மிதப்பது சுமார் 11 நிமிஷம்!

விண்வெளி வீரர்களுக்கு இதில் பயிற்சி கொடுக்கிறார்கள். 1995-இல் வந்த 'அப்பல்லோ 13' படத்தில் மிதக்கும் காட்சிகளையும் அமெரிக்காவின் பயிற்சி விமானத்தில்தான் எடுத்தார்கள். அந்த விமானத்துக்குச் செல்லப் பெயர் 'வாமிட் காமெட்', அதாவது வாந்தி வால்நட்சத்திரம்! காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்ல, மூளை குழம்பி வயிற்றைப் புரட்டுகிறது. மலைப்பாதை பஸ்ஸில் நம் குழந்தைகளுக்கு வருவதும் இதே கோளாறுதான். கனம் கூடும் நேரத்தில் தலையை ஆட்டாதே, திருப்பாதே என்று விமானத்தில் சொல்வார்களாம். பஸ்ஸிலும் குழந்தை தலையைக் குனிந்து புத்தகமோ செல்போனோ பார்க்காமல், முன் பக்கம் தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

என் மனசைத் தொட்டது வேறொன்று. உடம்பு செயலிழந்து பல ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியிலேயே இருந்த விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங், 2007 ஏப்ரலில், தம் 65-ஆவது வயதில் இப்படி ஒரு விமானத்தில் ஏறினார். டாக்டர்களும் நர்ஸ்களும் கூடவே இருக்க, எட்டுத் தடவை மிதந்தார். அந்தப் படத்தைப் பாருங்கள். நாற்காலி இல்லாமல், முகமெல்லாம் சிரிப்பாக இருப்பார்.

மறுநாள் என் பெண் ஓட்டை பாட்டிலோடு பள்ளிக்கூடம் போனாள். டீச்சர் எல்லோர் முன்னாலும் செய்து காட்டச் சொன்னாராம். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சாயங்காலம் பையைக்கூட இறக்காமல் அடுக்களைக்கு ஓடி வந்து, "அம்மா, நிலாவிலே நம்ம வெயிட் எவ்வளவும்மா இருக்கும்?" என்றாள்.

"தெரியலைடி கண்ணு. கையைக் கழுவிட்டு வா, ரெண்டு பேருமா போய் சாரைக் கேப்போம்" என்றேன்.