வேதநாயக சாஸ்திரியாரைப் பாதி மட்டும் பாடாதீர்கள்

வில்லியம் ஹென்றி மாங்க் லண்டனில் தேவாலய ஆர்கன் வாசித்தவர். 1861இல் அவர் அமைத்த 'ஈவன்டைட்' மெட்டு கிள்ளான் வரைக்கும் வந்து, தமிழ்ச் சொற்களோடு நம் துக்க வீடுகளில் இன்னும் ஒலிக்கிறது. ஆங்கிலப் பாட்டுப் புத்தகத்தில் மெட்டுக்குக்கூடப் பெயர் உண்டு, போட்டவர் பெயரும் உண்டு.

சரி, பிரிக்பீல்ட்ஸ் தமிழ்ச் சபைகளில் பாடுகிற கீர்த்தனைகளின் முன்னோடி யார்? நம்ம இலக்கியக் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். 'வேதநாயகம்' என்றதுமே 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்பார்கள். அது மாயூரம் வேதநாயகம் பிள்ளை. நான் சொல்வது தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், 1774இல் திருநெல்வேலியில் பிறந்து 1864இல் மறைந்தவர். சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய் வளர்த்த பிள்ளை; மன்னர் சரபோஜியோடு சேர்ந்து படித்தவர். குறத்தியைக் கூப்பிட்டு கிறிஸ்துவின் கதையைச் சொல்ல வைத்தார். அதுதான் 'பெத்லகேம் குறவஞ்சி'. இதை 'மத இலக்கியம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். திருக்குற்றாலக் குறவஞ்சியை அப்படியா முடிக்கிறோம்?

இலக்கியவாதிகளின் பங்கு இது. சபைக்காரர்களின் பங்கு இன்னும் மோசம்.

1820களில் வந்த புதிய மிஷனரிகளோடு சாஸ்திரியார் மோதினார். வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், ஆராதனையில் தமிழ் இசையைத் தடுக்கிறார்கள் என்றார். கேட்டதும் நமக்குக் கை தட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அதே புகார்ப் பட்டியலில் இன்னொன்றும் இருக்கிறது: எல்லாச் சாதியையும் ஒன்றாக உட்கார வைக்கிறார்கள்! வேளாளக் கிறிஸ்தவர்களின் தனி இருக்கைக்காக அவர் பக்கம் பக்கமாக வாதாடினார். நினைவுக் கூட்டங்களில் இதை யாரும் சொல்வதில்லை.

'அந்தக் காலம் அப்படி' என்ற சமாளிப்பு இங்கே செல்லாது. அந்தக் காலத்திலேயே அது தப்பு என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் இருந்தார்கள். அதற்குத்தானே சண்டையே. ஆனால் அப்படிச் சொன்னவர்கள்தான் தமிழ்ப் பாட்டையும் மட்டமாக நினைத்தார்கள். அதனால் அவர்கள் பக்கம் சாய்ந்தும் நாம் தப்பிக்க முடியாது.

மலேசியத் தமிழர்களுக்கு இது தூரத்து வரலாறு இல்லை. மொழி, பண்பாடு, மரபு என்று நாம் கப்பலில் கொண்டுவந்த மூட்டைக்குள் சாதியும் இருந்தது. 'மரபைக் காப்போம்' என்று மேடையில் முழங்கும்போது, எந்த மரபு என்று கேட்க நமக்குக் கூச்சமாக இருக்கிறது.

நான் இலக்கியம் படித்தவன் இல்லை, பொறியாளன். எங்கள் வேலையில் ஒரு வடிவமைப்பின் பலத்தை மட்டும் எழுதி விரிசலை மறைத்தால், அந்த அறிக்கையில் யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

சாஸ்திரியாரைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. குறவஞ்சியைப் பாடத்தில் வையுங்கள், இலக்கியக் கூட்டத்தில் விமர்சியுங்கள், கீர்த்தனைகளைப் பெயரோடு அச்சிடுங்கள். கூடவே அந்த இருக்கைச் சண்டையையும் அச்சிடுங்கள். இன்று அந்தப் பாட்டைப் பாடுகிறவர்களில், அன்று அவர் தனியே உட்காரச் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். முழுக் கதையையும் தெரிந்துகொள்ள அவர்களுக்குத்தான் முதல் உரிமை.