இடித்தால் மட்டும் போதுமா?

இங்கிலாந்தில் சிறுவர்கள் பொதுக் காடுகளில் மண்ணைக் குவித்து மேடு கட்டி, அதன் மேலாகத் துவிச்சக்கரவண்டியில் பாய்ந்து விளையாடுகின்றனர். 2020 ஆம் ஆண்டு கொரோனா முடக்கத்தின்போது இத்தகைய மேடுகள் பெருகின. உள்ளூராட்சிச் சபைகள் பல அவற்றை இடித்துத் தரைமட்டமாக்கின. இது சரியா? சற்றுச் சிந்தித்துப் பாருங்கள்.

சபைகளின் பக்கத்திலும் நியாயம் உண்டு. மண்ணைத் தோண்டும்போது மரவேர்கள் அறுபடும். நடந்து செல்வோர்மீது வண்டி மோதலாம். அந்நாட்டின் 1984 ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதியின்றி நுழைந்தவர் காயமுற்றாலும் சில சந்தர்ப்பங்களில் காணிக்குப் பொறுப்பானவர் நட்டஈடு செலுத்த நேரிடும்.

ஆயினும் அப்பொறுப்புக்கு எல்லை உண்டு. 1995 இல் கொங்கிள்டன் சபையின் பூங்காவில், நீந்தத் தடைசெய்யப்பட்ட ஏரியில் பாய்ந்த 18 வயது இளைஞனின் கழுத்தெலும்பு முறிந்தது. அவன் கோரிய நட்டஈட்டை அன்று அதியுயர் நீதிமன்றமாக விளங்கிய பிரபுக்கள் சபை 2003 இல் மறுத்தது. வெளிப்படையான ஆபத்தை ஒருவர் தாமே தேடிக்கொள்வதற்காக, ஏனையோர் மகிழும் இடத்தை அழிக்கவேண்டியதில்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

எனவே, வேரை அறுக்கும் மேடுகளையும் பாதையை மறிக்கும் மேடுகளையும் அகற்றட்டும். அதற்கு முன்னர் சிறுவர்களை அழைத்துப் பேசி, வேறோர் இடத்தை ஒதுக்கிக் கொடுக்கட்டும். இடம் கொடாது இடித்தால், இன்னும் மறைவான இடத்தில் புதிய மேடு எழும். அங்கே விழுந்தவனைத் தூக்கிவிட ஆளிருக்காது.

உங்கள் கருத்து யாது? காரணங்காட்டி எழுதிப் பழகுங்கள்.