பட்டம் பெறும் மகன், மறைக்கப்படும் தந்தை

அமெரிக்கன் கென்னல் கிளப்பின் கண்காட்சி விதிகளின்படி, பார்வையற்ற நாயும் செவிகேளாத நாயும் போட்டிக் களத்தில் நிறுத்தப்படக் கூடாது. ஆனால் பார்வையும் செவிப்புலனும் இன்றிப் பிறந்த ஒரு கோலி நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்த அதே கிளப் தடை சொல்வதில்லை. அதன் குட்டி பதிவேட்டில் ஏறலாம், களத்தில் நிற்கலாம், சாம்பியன் பட்டமும் பெறலாம். தந்தையைக் காண விரும்பாத களம் மகனுக்குக் கோப்பை தருகிறது. கோலி, ஷெட்லாண்ட் ஷீப்டாக் ஆகிய இரு மேய்ப்பு நாய் இனங்களின் மதிப்பீட்டில் நேர்ந்திருக்கும் இந்த முரணை அவ்வினங்களின் உள்விவகாரம் என்று ஒதுக்கிவிட நம்மால் இயலவில்லை.

ஸ்காட்லாந்தின் மலைச் சரிவுகளில் ஆடு மேய்த்த நாய் கோலி. ஷெட்லாண்ட் தீவுகளின் சிறு பண்ணைகளில் வளர்ந்தது, இன்று ஷெல்டி என்று செல்லமாக அழைக்கப்படும் சிறிய நாய். இங்கிலாந்தில் முதல் நாய்க் கண்காட்சி நியூகாசில் நகரில் 1859இல் நடந்தபோது வேட்டை நாய்களே அதில் இடம்பெற்றன. மறு ஆண்டு பர்மிங்காமில் ஸ்காட்லாந்து மேய்ப்பு நாய்களுக்கும் இடம் கிடைத்தது. விக்டோரியா மகாராணி பால்மோரல் மாளிகையில் கோலிகளை வளர்க்கத் தொடங்கியதும், மேய்ப்பனின் துணையாக இருந்த நாய் சீமான்களின் பெருமையாகிவிட்டது. அமெரிக்காவில் வங்கியாளர் ஜே. பி. மார்கன் கோலிகளைச் சேர்த்தார். 1929இல் நியூயார்க்கின் வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியில் ஒன்பது மாதமே ஆன ஒரு கோலி தலைசிறந்த நாயாகத் தேர்வாயிற்று. பிறகு 1943இல் வந்த லாஸி திரைப்படம் இந்த இனத்தை உலகத்தின் வீட்டு வாசல்களுக்கே கொண்டு சென்றது. ஷெல்டியின் கதை இன்னும் பிந்தியது. பிரிட்டனின் கென்னல் கிளப் 1909இல் அதை ஷெட்லாண்ட் கோலி என்ற பெயரில் ஏற்றது. கோலி வளர்ப்போரின் எதிர்ப்பால் 1914இல் பெயர் மாற்றப்பட்டது. பெயரைக் காக்க அன்று காட்டப்பட்ட அந்த முனைப்பு, நாயின் நலத்தைக் காக்கவும் காட்டப்பட்டிருக்க வேண்டும்.

இவ்வினங்களை மதிப்பிடுவது எளிய வேலையன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். கோலியைத் தரையில் நிறுத்தியும், ஷெல்டியை மேசை மீது ஏற்றியும் நடுவர் பார்க்கிறார். அடர்ந்த ரோமம் கண்ணை ஏமாற்றும் என்பதால் விரல்களால் தோள்பட்டையையும் விலாவையும் தடவி அறிகிறார். கோலியின் தரநிலை தலையமைப்புக்கும் முகபாவத்துக்கும் மிகுந்த முக்கியத்துவம் தருகிறது. ஷெல்டிக்கு அமெரிக்கத் தரநிலை நூறு புள்ளிகளைப் பகிர்ந்தளித்திருக்கிறது. அவற்றுள் தலைக்கு 20, உடலுக்கு 20, முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் தலா 15, குணத்துக்கு 10. நடைக்கு 5 மட்டுமே. நாள் முழுதும் மந்தையின் பின்னால் ஓட வேண்டிய நாயின் நடைக்கு இது போதாது என்றாலும், கால்களின் அமைப்பும் குணமும் கணக்கில் வருவதால் தரநிலையை எழுதியவர்களை அறியாதவர்கள் என்று சொல்ல மாட்டோம். உயரத்தில் அவர்கள் காட்டும் கண்டிப்பும் குறிப்பிடத்தக்கது. 13 அங்குலத்துக்குக் குறைந்தாலும் 16 அங்குலத்தைத் தாண்டினாலும் ஷெல்டி தகுதி இழக்கிறது. கால் அங்குலத்துக்காக ஒரு நாயைக் களத்திலிருந்து வெளியேற்றும் துணிவு இந்த அமைப்புக்கு உண்டு என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

இனி நிறத்துக்கு வருவோம். நீலச் சாம்பல் மேனியில் கரும்புள்ளிகள் சிதறிய ‘புளூ மெர்ல்’ நிறம் இவ்விரு இனங்களிலும் விரும்பப்படுகிறது. அந்த நிறத்தைத் தரும் மரபணு மாற்றம் 2006இல் அடையாளம் காணப்பட்டது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அது வந்தால் அழகிய புளூ மெர்ல் கிடைக்கும். இருவரிடமிருந்தும் வந்தால் குட்டி பெரும்பாலும் வெள்ளையாகப் பிறக்கும். கண் சிறுத்தோ உருக்குலைந்தோ இருக்கலாம், காது கேளாமல் போகலாம். இரட்டை மெர்ல் என்று இதைச் சொல்கிறார்கள். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், சோதிக்கப்பட்ட இரட்டை மெர்ல் நாய்களில் 15 சதவீதத்துக்கு இரு செவிகளும், 10 சதவீதத்துக்கு ஒரு செவியும் கேட்கவில்லை. எல்லாக் குட்டிகளும் ஊனமுறுவதில்லை என்பது உண்மை. ஆனால் மெர்ல் ஆணையும் மெர்ல் பெட்டையையும் இணைத்தால் சராசரியாக நான்கில் ஒரு குட்டி இந்த அபாயத்தோடு பிறக்கும் என்பதும் உண்மை. இணைப்பவருக்கு இது முன்கூட்டியே தெரியும்.

தெரிந்தும் ஏன் செய்கிறார்கள்? இரட்டை மெர்ல் நாயை மெர்ல் அல்லாத மூவண்ணப் பெட்டையோடு இணைத்தால் அந்த ஈற்றின் குட்டிகள் அனைத்துமே புளூ மெர்லாகப் பிறக்கும். களத்தில் எடுபடும் நிறம் உறுதியாகக் கிடைக்கிறது. அந்த உறுதிக்காகக் குருடும் செவிடுமான ஒரு பொலி நாய் கொட்டிலில் வைத்துப் பராமரிக்கப்படுகிறது. அதனோடு ஒரே ஈற்றில் பிறந்து பயன்படாமல் போன குட்டிகள் என்ன ஆயின என்று எந்தக் கண்காட்சிப் பட்டியலும் சொல்வதில்லை. அவற்றை ஏற்று வளர்ப்பவர்கள் பெரும்பாலும் நாய் மீட்பு அமைப்புகளில் உழைக்கும் தன்னார்வலர்கள். இலாபமும் புகழும் ஓரிடத்துக்குப் போக, சுமை வேறொருவர் வீட்டில் இறக்கப்படுகிறது. ஒரு நிறத்துக்காக ஊனத்தைத் திட்டமிட்டுப் பிறப்பிப்பது கொடுமை. அதைச் செய்பவர் எத்தனை கோப்பைகளை வென்றவராக இருந்தாலும் அது கொடுமையே.

இதை ஆதரிப்போர் இரண்டு வாதங்களை முன்வைக்கிறார்கள். அந்தப் பொலி நாய்கள் அன்போடும் வசதியோடும் வளர்க்கப்படுகின்றன என்பது ஒன்று. இருக்கலாம். பிறப்பிலேயே பறிக்கப்பட்ட பார்வைக்கு நல்ல உணவு ஈடாகாது. நடுவர் தம் கண்முன் நிற்கும் நாயை மட்டுமே மதிப்பிட வேண்டும், அதன் குலவரலாறு அவருக்கு வேண்டாதது என்பது இரண்டாவது வாதம். இதில் பாதி நியாயம் உண்டு. வளர்ப்பவர் யார், தந்தை எது என்று பார்த்துப் பரிசு தரும் நடுவரை எவரும் நம்ப மாட்டார்கள். கோலி இனத்தைப் பரவலாகப் பீடித்திருக்கும் பிறவிக் கண் குறைபாட்டைக்கூட அவரால் களத்தில் காண முடியாது. அதற்குக் கண் மருத்துவரின் கருவியோ மரபணுச் சோதனையோ வேண்டும். ஆகவே பொறுப்பின் பெரும்பகுதியை நடுவர் தலையில் நாம் சுமத்தவில்லை. நடுவர் பார்க்க முடியாததைப் பார்க்க வேண்டியது பதிவேட்டை வைத்திருப்பவரின் கடமை. தாய் தந்தையரின் நிறம் அந்தப் பதிவேட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இது இயலாத காரியமும் அன்று. இரண்டு மெர்ல் பெற்றோருக்குப் பிறக்கும் குட்டிகளைப் பதிவு செய்வதில்லை என்ற விதியைப் பிரிட்டனின் கென்னல் கிளப் 2013இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதுவும் தானாகக் கனிந்துவிடவில்லை. தூய இன நாய்களின் நோய்களை வெளிக்கொணர்ந்த பிபிசி ஆவணப்படம் 2008இல் ஒளிபரப்பானது. மறு ஆண்டு முதல் அந்தக் கிளப்பின் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியை ஒளிபரப்ப பிபிசி மறுத்தது. பொதுமக்களின் சினம் கிளப்பின் கதவைத் தட்டியது. 2012 கிரஃப்ட்ஸில், நோய்கள் மிகுந்த 15 இனங்களின் வெற்றியாளர்களைக் கால்நடை மருத்துவர் சோதித்த பிறகே பரிசு உறுதியாகும் என்ற நடைமுறை வந்தது. ஆறு இனங்களின் வெற்றியாளர்கள் அந்தச் சோதனையில் தேறவில்லை. அவற்றுக்கு அறிவிக்கப்பட்ட பரிசு திரும்பப் பெறப்பட்டது. கண்காட்சி நின்றுவிடவில்லை, நாய் வளர்ப்பும் அழிந்துவிடவில்லை.

நடுவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. பிரிட்டனில் நடுவர் தாம் தேர்ந்தெடுத்த நாய்களைப் பற்றி எழுத்தில் மதிப்புரை தர வேண்டும். நார்டிக் நாடுகளில் களமிறங்கும் ஒவ்வொரு நாய்க்கும் எழுத்து மதிப்பீடு கிடைக்கிறது. அமெரிக்கக் களத்தில் விரல் நீட்டுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. காரணம் கூறாத தீர்ப்பை நீதிமன்றத்தில் நாம் ஏற்க மாட்டோம். தலைமுறைகளின் உடலமைப்பைத் தீர்மானிக்கும் தீர்ப்பை மட்டும் எப்படி ஏற்பது? அஞ்சி ஒடுங்கும் ஷெல்டியை முகவெட்டுக்காக முன்னிறுத்தும் நடுவர், ஏன் அப்படிச் செய்தார் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டிய நிலை வந்தால் ஒருமுறை தயங்குவார். அந்தத் தயக்கம் நல்லது.

இந்தியக் கென்னல் கிளப்பின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. நம் நகரங்களிலும் கோலி, ஷெல்டி குட்டிகள் விற்கப்படுகின்றன என்பதால் வாசகர்கள் அறிய வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. ஐவர்மெக்டின் போன்ற சில மருந்துகள் மூளைக்குள் புகாமல் தடுக்கும் மரபணு, கோலிகளில் ஏறத்தாழ 70 சதவீதத்திலும் ஷெல்டிகளில் சுமார் 15 சதவீதத்திலும் பழுதுபட்டிருக்கிறது என்கிறது வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம். சொறிக்கும் உண்ணிக்கும் இங்கே சாதாரணமாகப் போடப்படும் ஊசி, இந்நாய்களின் உயிருக்கே உலை வைக்கக்கூடும். கோப்பைகளைக் காட்டிக் குட்டி விற்பவர் இதைச் சொல்லவில்லையென்றால் அவர் தம் கடமையில் தவறியவர்.

அமெரிக்கன் கென்னல் கிளப் இரு மெர்ல் பெற்றோரின் குட்டிகளைப் பதிவு செய்வதை நிறுத்த வேண்டும். இரட்டை மெர்ல் நாயின் வாரிசுக்குச் சாம்பியன் பட்டம் மறுக்கப்பட வேண்டும். கண் சோதனையும் மருந்து ஒவ்வாமைக்கான மரபணுச் சோதனையும் முடித்து, முடிவை வெளியிடாத எந்தக் கோலிக்கும் ஷெல்டிக்கும் பட்டம் உறுதியாகக் கூடாது. கால் அங்குல உயரத்துக்காக நாயை விலக்கத் தெரிந்தவர்களுக்கு இதற்கு விதி எழுதத் தெரியாது என்று நாம் நம்பவில்லை. அவர்கள் எழுதும்வரை, புளூ மெர்ல் குட்டியை விரும்பும் வாசகர்கள் தாய், தந்தை இரண்டின் நிறத்தையும் பதிவுச் சான்றில் பார்க்க வேண்டும். காட்ட மறுப்பவரிடம் குட்டி வாங்காதீர்கள்.